மோட்டார் சைக்கிளுக்குப் புது லைட் பூட்டுமுன்



தீபாவளிக்கு ஒரு கிழமை இருக்கும்போதே நம்ம தோட்டத்து ரோட்டில் இரவு வெளிச்சம் கூடிவிடும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நிற்கிற நம்ம பிள்ளைகள், பஸ்ஸைப் பார்த்து நின்ற காலம் போய், இப்போது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார்கள். நல்ல விஷயம்தான். பெற்றோருக்கும் பெருமை. ஆனால் அந்த பைக்குகளில் பாதிக்கு மேல் முன்னால் ஒரு புது லைட் பூட்டியிருக்கும். சில லைட் நீலம், சில லைட் வெள்ளை, சிலதைப் பார்த்தால் கொழுந்து லொறி வருகிற மாதிரி இருக்கும்.

போன வருசம் ஒரு இரவு, பிரசவ வலி வந்த ஒரு தங்கச்சியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும் கூட இருந்தேன். வளைவில் எதிரே வந்த பைக்கின் வெளிச்சம் ஓட்டோக்காரத் தம்பியின் கண்ணில் நேராக அடித்தது. அவர் இடது பக்கம் ஒதுங்கினார். பின் சில்லு ரோட்டோரக் காணுக்குள் இறங்கிவிட்டது. நாலு பேர் தூக்கி மேலே எடுக்கக் கால் மணி நேரம் போனது. தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கிறார்கள், அதில் குறை இல்லை. ஆனால் அந்தக் கால் மணி நேரம் அந்தத் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். பைக்கில் வந்த தம்பியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவருக்கு ரோடு தெரிய வேண்டும் என்றுதானே அந்த லைட்டைப் போட்டார்? தன் லைட் எங்கே போய் அடிக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இந்த முறை லைட் பூட்டுகிற விசயத்தையே எழுதுகிறேன். நான் படித்த மெக்கானிக் இல்லை. வெள்ளவத்தையில் ஒரு போயா தினத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததையும், கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

என் அக்கா மகன் வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடையில் இருக்கிறான். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு லேனில், மூன்று பேராக ஒரு அறை. ரயில் போனால் சுவர் அதிரும். அவனிடம் இருப்பது பழைய 100 சிசி இந்திய பைக். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அதற்கிடையில் எல்லாரும் பழைய பைக்கையே தட்டிக்கொட்டி ஓட்டினார்கள், இவனும் அப்படித்தான். பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு எல்இடி லைட் வாங்கி வந்தான். "எந்த பைக்குக்கும் சரி" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். பழைய லைட்டின் வயரில் அதைக் கொடுத்தால் படபடவென்று துடித்தது. அப்புறம் யாரோ சொன்னதைக் கேட்டு, பெட்டரியிலிருந்து ஒரு மெல்லிய வயரை நேராக இழுத்து, ஹேண்டிலில் ஒரு சுவிட்சைப் போட்டு எரிய வைத்தான். பியூஸ் கிடையாது.

பொங்கலுக்கு வரும்போது கித்துல்கலை தாண்டி, கினிகத்தேனை ஏற்றத்தில் ரப்பர் கருகுகிற நாற்றம் வந்திருக்கிறது. அடுத்த வளைவில் லைட் சட்டென்று அணைந்தது. டேங்குக்குக் கீழே புகை. நல்ல வேளையாக ஒரு கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டான். ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் வயர் உரசி உரசி, மேல் தோல் போய், உள்ளே இருந்த செம்பு இரும்பில் தொட்டிருக்கிறது. பெட்டரியின் முழுப் பலமும் அந்த நூல் வயரில் பாய்ந்தது. அதற்கு மேலே பெற்றோல் டேங்க். அக்காவுக்கு இந்தக் கதை இன்றைக்கும் தெரியாது. இதை வாசித்தால்தான் தெரியும்.

அடுத்த மாதம் ஒரு கூட்டத்துக்காக நான் கொழும்பு போனபோது அவர்கள் அறையில்தான் தங்கினேன். மறுநாள் போயா, கடை மூடியிருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வயரிங் பாஸ் ஒருவரை வரச் சொல்லியிருந்தார்கள். அறுபது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வேலை செய்கிறவர். அவர் முன்னால் இரண்டு பைக். ஒன்று அக்கா மகனுடையது. மற்றது கூட இருக்கிற தம்பியின் 150 சிசி. அந்தத் தம்பியும் வட்டமான புது லைட் ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

பாஸ் புது லைட் இரண்டையும் கையில்கூட எடுக்கவில்லை. "முதல்ல பழசு ஏன் மங்குதுன்னு பார்ப்போம்" என்றார்.

இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்குப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். ஹலஜன் பல்புக்குப் போகிற வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் ரொம்பக் குறைந்துவிடும். பத்துக்கு ஒரு பங்கு வோல்ட் குறைந்தால், வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பங்கு போய்விடும். வோல்ட் எங்கே குறைகிறது? சுவிட்சுக்குள் கருகிய தகட்டில், துருப்பிடித்த எர்த் வயரில், தளர்ந்த பிளக்கில். பீலியில் தண்ணீர் நிறைய வந்தாலும் குழாயில் பாசி அடைத்தால் வீட்டு வாளி நிறையுமா?

வெள்ளவத்தையில் இதற்கு உப்புக்காற்று வேறு. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ரயில் பாதை மட்டும்தான். இரவெல்லாம் பைக் அந்தக் காற்றில் நிற்கிறது. பாஸ் அக்கா மகனின் லைட் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். பித்தளைத் தகடு முழுக்கப் பச்சைக் களிம்பு. எர்த் வயர் பூட்டியிருந்த போல்ட்டில் பெயின்டும் துருவும். அரத்தாளால் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிகிற வரைக்கும் சுத்தம் செய்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வெஸலின் தடவினார். லைட்டின் உள் கண்ணாடி, அதுதான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற கிண்ணம், கறுத்துப் போயிருந்தது. அதற்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும். அதே அளவில் புதுக் கிண்ணமும் அதே 35 வோட் பல்பும் போட்டார். பல்பின் கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்தார். கையிலுள்ள எண்ணெய்ப் பசை அந்தக் கண்ணாடியில் பட்டால், சூடேறும்போது அந்த இடத்தில் பல்ப் கெட்டுவிடுமாம்.

எரிய வைத்தபோது அக்கா மகன் சொன்னான்: "என்னா மாமா, இது இவ்வளவு நாளும் இதுக்குள்ளயா இருந்துச்சு!"

அவன் பைக்குக்கு அந்த எல்இடியைப் பாஸ் பூட்ட மறுத்துவிட்டார். காரணம் இருக்கிறது. பழைய சின்ன பைக்குகள் பலவற்றில் முன் லைட்டுக்குக் கரண்ட் பெட்டரியிலிருந்து வருவதில்லை. எஞ்சின் சுற்றும்போது மெக்னட் கொயிலிலிருந்து நேராக வருகிறது. அது ஏசி கரண்ட், வீட்டுக் கரண்ட் மாதிரி முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுவது. எக்ஸிலேட்டர் முறுக்கினால் லைட் கூடும், விட்டால் மங்கும். கண்டுபிடிப்பது சுலபம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டு லைட் சுவிட்சைப் போடுங்கள். லைட் எரிந்தால் அது பெட்டரி லைட், அதாவது டிசி. எரியாமல், எஞ்சின் ஓடினால் மட்டும் எரிந்தால் பெரும்பாலும் ஏசி. (சில புதிய பைக்குகள் டிசியாக இருந்தும் எஞ்சின் ஓடினால்தான் லைட்டை எரிய விடும். சந்தேகம் இருந்தால் மீற்றர் வைத்துப் பார்க்கிற ஆளிடம் காட்டுங்கள்.)

ஏசி பைக்கில் எல்இடியைக் கொடுத்தால் துடிக்கும், சீக்கிரம் செத்தும் போகும். அதைத் தவிர்க்கப் பெட்டரியிலிருந்து நேராக இழுத்தால் வேறு வில்லங்கம். அந்த பைக்கின் பெட்டரி ஹோனுக்கும் சிக்னலுக்கும் பிரேக் லைட்டுக்கும் கணக்குப் பார்த்து வைத்த சின்னப் பெட்டரி. 5 அம்பியர் மணி என்று எழுதிய பெட்டரியில் 55 வோட் பல்பை எரித்தால், சார்ஜ் ஏறாவிட்டால், கணக்குப்படி ஒரு மணி நேரம்தான் வரும். உண்மையில் அதற்கு முன்னமே மங்கிவிடும். அவிசாவளையில் ஏற்றிய லைட் ஹட்டன் வரைக்கும் வராது. கொயிலையும் ரெக்டிபயரையும் மாற்றி முழு பைக்கையும் டிசி ஆக்கலாம். அது தெரிந்த பாஸ் செய்கிற வேலை, செலவும் உண்டு. முடியாதவர்கள் பழைய 35 வோட்டையே நன்றாக எரிய வைப்பது மேல் என்பதுதான் என் அபிப்பிராயம்.

மற்றத் தம்பியின் 150 சிசி, பெட்டரி லைட். அதில்தான் புது லைட் ஏறியது. அவர் வாங்கி வந்தது வட்டக் கிண்ணமும் 60/55 வோட் ஹலஜன் பல்பும். 60 ஹெட்டுக்கு, 55 டிம்முக்கு. கூடவே 100/90 என்று எழுதிய இன்னொரு பல்பையும் "ஸ்பெசல்" என்று வாங்கியிருந்தார். பாஸ் அதை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினார். வோட்டை 12ஆல் பிரித்தால் எத்தனை அம்பியர் என்று வந்துவிடும். 35 வோட்டுக்கு ஏறக்குறைய 3 அம்பியர். 60 வோட்டுக்கு 5. 100 வோட்டுக்கு 8க்கு மேல். பைக்கின் ஹேண்டில் சுவிட்சும் வயரும் 3 அம்பியருக்குச் செய்தவை. அதற்குள் 8ஐ விட்டால் சுவிட்ச் உருகும், பிளக் உருகும், கிண்ணமும் சூட்டில் கெடும். நம்ம ஊர் பைக் எஞ்சினுக்கு அவ்வளவு கரண்ட் உண்டாக்கிக் கொடுக்கவும் வலு கிடையாது.

எல்இடி வாங்குகிறவர்களுக்கு இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் "100 வோட்" என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். மீற்றரில் அளந்தால் பல லைட்டுகள் ஒன்றரை, இரண்டு அம்பியர்தான் இழுக்கும். அது 20, 25 வோட். எல்இடி குறைந்த கரண்டில் நல்ல வெளிச்சம் தரும், அது உண்மை. ஆனால் ஹலஜன் பல்புக்குச் செய்த கிண்ணத்தில் எல்இடி பல்பைச் செருகினால், வெளிச்சம் புறப்படுகிற இடம் மாறிப்போகும். அது சிதறி எதிரே வருகிறவர் கண்ணுக்கு ஏறும், ரோட்டில் விழுகிறது குறையும். எல்இடி வேண்டுமானால், எல்இடிக்கென்றே கண்ணாடியோடு செய்த முழு லைட்டாக வாங்க வேண்டும்.

இனி வயரிங். இதில் ரிலே என்கிற சின்னக் கறுப்புப் பெட்டிதான் பெரிய ஆள். பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை கையைக் காட்டுகிறார், கொழுந்து மூட்டையை லொறி சுமக்கிறது. கணக்கப்பிள்ளையே மூட்டையைத் தூக்குவதில்லையே. அதே மாதிரி ஹேண்டில் சுவிட்ச் ரிலேக்குச் சமிக்ஞை மட்டும் கொடுக்கும். பெரிய கரண்ட் பெட்டரியிலிருந்து தனி வழியில், தடித்த வயரில், ரிலே ஊடாக லைட்டுக்குப் போகும். சுவிட்சில் ஓடுவது ஒரு அம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். சுவிட்சும் பிழைக்கும், லைட்டுக்கு முழு வோல்ட்டும் கிடைக்கும்.

ரிலேயின் அடியில் நம்பர் போட்டிருக்கும்: 30, 87, 85, 86. பெட்டரியின் பிளஸ்ஸிலிருந்து பியூஸ் வழியாக வருவது 30க்கு. 87லிருந்து லைட்டுக்கு. 86க்குப் பழைய லைட் பிளக்கில் வந்த வயர். 85 எர்த்துக்கு. ஹெட்டுக்கு ஒரு ரிலே, டிம்முக்கு ஒரு ரிலே என்று இரண்டு வேண்டும். பழைய பிளக்கில் டிம் வயர் ஒரு ரிலேயின் 86க்கும், ஹெட் வயர் மற்ற ரிலேயின் 86க்கும் போகும். இப்படிச் செய்தால் பைக்கின் சொந்த வயரை எங்கேயும் வெட்ட வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் கழற்றிப் பழையபடி செருகலாம். சில ரிலேயில் நடுவில் 87ஏ என்று ஐந்தாவது கால் இருக்கும். லைட் அணைந்திருக்கும்போதுதான் அதில் கரண்ட் நிற்கும், ஆகவே அதை டேப் சுற்றி மூடி விட வேண்டும்.

பியூஸ் எங்கே இருக்க வேண்டும்? பெட்டரி பிளஸ்ஸுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள். பலர் லைட்டுக்குப் பக்கத்தில் போடுகிறார்கள். அப்படிப் போட்டால், நடுவில் வயர் உரசி இரும்பில் தொட்டால் பியூஸுக்கு அது தெரியாது. அக்கா மகனின் பைக் கருகினது நடுவில்தான். 60/55 பல்புக்கு 10 அம்பியர் பியூஸ், 35 வோட்டுக்கு 5 அம்பியர் போதும். பியூஸ் போனால் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நானே ஒரு காலத்தில் செய்தவன். பியூஸ் போகிறதென்றால் எங்கேயோ வயர் தொடுகிறது. வெள்ளித்தாள் போட்டால் அடுத்துப் போவது வயர்தான்.

வயர் வாகனத்துக்கென்று விற்கிற பல இழை வயராக இருக்க வேண்டும், 1.5 சதுர மில்லிமீற்றர். காம்பராவுக்குக் கரண்ட் இழுத்தபோது மிஞ்சின ஒற்றைக் கம்பி வயரைப் பாவிக்க வேண்டாம். அது அதிர்ச்சியில் உள்ளே முறிந்துவிடும், வெளியில் தெரியாது. நுனிகளில் சரியான டெர்மினலை வைத்து நசுக்கிப் பூட்ட வேண்டும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய மூட்டு கொழும்பில் நிற்கும், வட்டவளை மழைக்கு நிற்காது. அந்தப் பக்கம் பெய்கிற மழை உங்களுக்குத் தெரியும்.

வேலையைத் தொடங்குமுன் பாஸ் பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினார். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் அதைப் பூட்டினார். நடுவில் ஸ்பெனர் தவறி எங்கே பட்டாலும் நெருப்புப் பொறி வராது. டேங்கைக் கழற்றி வைத்திருக்கிறபோது இது முக்கியம். வயரைப் பழைய வயர்க் கட்டோடு சேர்த்து, பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்து, சைலன்சர் பக்கம் போகாமல் கொண்டுபோனார். கழுத்துப் பக்கம் வந்ததும் ஹேண்டிலை முழுக்க இடதுக்கும் முழுக்க வலதுக்கும் திருப்பச் சொன்னார். இரண்டு பக்கமும் வயர் இழுபடாமலும், எதிலும் நசுங்காமலும் கொஞ்சம் தளர்ச்சி விட்டு அதற்குப் பிறகுதான் கட்டினார். இந்த ஒரு காரியத்துக்கு அவர் இருபது நிமிடம் எடுத்தார். ரிலே இரண்டையும் கால் கீழே பார்க்கிற மாதிரி பூட்டினார், தண்ணீர் தேங்காமல் வடிவதற்காக.

பிறகு எஞ்சினை ஓட விட்டு, லைட்டைப் போட்டு, பெட்டரியில் மீற்றரை வைத்தார். ஓடுகிற வேகத்துக்கு எக்ஸிலேட்டரைப் பிடித்தபோது 13.4 காட்டியது. 13க்கு மேல் நின்றால் பெட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறது. 12.6க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், லைட் பெட்டரியைக் குடிக்கிறது என்று அர்த்தம். அப்போது சின்ன பல்புக்குத் திரும்பத்தான் வேண்டும்.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்து நான் தேநீருக்கு எழும்பினேன். பாஸ் சிரித்தார். "இதுவரைக்கும் ஓட்டுறவனுக்கு. இனிமேத்தான் எதிர்ல வாறவனுக்கு" என்றார். எனக்கு அந்த ஓட்டோவும் காணும்தான் ஞாபகம் வந்தது.

இருட்டும் வரைக்கும் காத்திருந்து லேன் முடிவிலுள்ள ஒரு சுவருக்கு முன்னால் பைக்கை நிறுத்தினார்கள். சுவரிலிருந்து 25 அடி தூரம், தரை சமமாக இருக்க வேண்டும். ஸ்டாண்டில் போடாமல், ஆளை ஏற்றி உட்கார வைத்து, பைக்கை நேராகப் பிடிக்க வேண்டும். லைட்டின் நடு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சோக்கால் ஒரு கோடு. அதற்கு 3 அங்குலம் கீழே இன்னொரு கோடு. டிம்மைப் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டினால் அது எதிரே வருகிறவர் கண்ணுக்குத்தான் போகும். லைட்டின் பக்கத்து போல்ட்டைத் தளர்த்தி மேலே கீழே அசைத்து இதைச் சரிபண்ணலாம், ஒரு ஸ்பெனர் போதும்.

அந்தச் சுவரில்தான் இன்னொரு பிழையும் தெரிந்தது. ஹலஜன் லைட்டுகள் பலவற்றில் டிம் வெளிச்சத்தின் விளிம்பு ஒரு பக்கம் கொஞ்சம் மேலேறும், ரோட்டோரத்தைக் காட்டுவதற்காக. நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் அது இடது பக்கம்தான் ஏற வேண்டும். வலது பக்கம் ஓட்டுகிற நாடுகளுக்குச் செய்த லைட்டில் அது வலது பக்கம் ஏறும். அதை இங்கே பூட்டினால், எவ்வளவு கீழே இறக்கினாலும் எதிரே வருகிறவர் கண்ணில் அடித்துக்கொண்டே இருக்கும். தம்பி வாங்கி வந்தது அப்படிப்பட்டது. மறுநாள் பஞ்சிகாவத்தைக்குப் போய் மாற்றி எடுத்தார்கள். வாங்கும்போதே பார்க்கலாம். ஐரோப்பிய முறைப்படி செய்த லைட்டாக இருந்தால் கண்ணாடியில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் நம்பரும் இருக்கும். அதன் கீழே, முன்னால் நின்று பார்க்கிற உங்களுக்கு வலது பக்கம் காட்டுகிற அம்புக்குறி இருந்தால் அது இடது பக்கம் ஓட்டுகிற நம்ம நாட்டுக்குச் சரியானது. இரண்டு பக்கமும் அம்பு இருந்தால் இரண்டுக்கும் பாவிக்கலாம். இருந்தும், அம்பையும் சிலர் சும்மா அச்சடித்து விடுகிறார்கள். சுவரில் அடித்துப் பார்ப்பதுதான் நிச்சயம்.

பின்னால் ஆள் ஏறினால் பைக்கின் பின்பக்கம் அமுங்கும், முன் லைட் வானத்தைப் பார்க்கும். நம்ம பிள்ளைகள் தீபாவளிக்குத் தனியாகவா வருகிறார்கள்? பின்னால் ஒரு கூட்டாளி, அவர் முதுகில் ஒரு பை, பக்கத்தில் தொங்குகிற துணிமணிப் பொட்டலம். ஆகவே புறப்படுமுன் அதே சுமையோடு ஒரு தடவை சுவரில் பாருங்கள்.

பனிமூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கினிகத்தேனையில் பனி இறங்கினால் ஹெட்டைப் போடக் கை தானாகப் போகும். போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான். பனித்துளியில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. டிம்மைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, இடது பக்கக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். மஞ்சள் லைட் பனியைத் துளைக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பிரான்ஸ் நாட்டில் 1993 வரைக்கும் வாகனங்களுக்கு மஞ்சள் லைட்தான் என்று சட்டமே இருந்தது, பிறகு கைவிட்டார்கள். பனித்துளிக்கு மஞ்சளும் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றுதான். மஞ்சள் கண்ணை அவ்வளவாகக் கூச வைக்காது, அந்த அளவில் நல்லது. லைட் தாழ்வாக இருப்பதும், வெளிச்சம் கீழே பரந்து விழுவதும்தான் பனியில் உதவும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். வாகன லைட்டுகள் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. கண்ணைக் கூச வைக்கிற லைட்டோ மினுக்குகிற கலர் லைட்டோ பூட்டினால் பொலிஸ் நிறுத்தும். தண்டம் கட்டி, லீவில் ஒரு நாளும் போகும்.

அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை வந்து இறங்கியதும் சாப்பாடு கொடுத்த பிறகு, "பியூஸ் எங்கே இருக்கு, காட்டு" என்று கேளுங்கள். காட்டத் தெரிந்தால் சரி. முழித்தால், திரும்பிப் போகுமுன் பார்க்க வேண்டும். சீட்டுக்குக் கீழே மாற்று பியூஸ் இரண்டும் ஒரு பல்பும் துணியில் சுற்றி இருக்கட்டும். புது லைட் பூட்டி ஒரு கிழமை ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்க வேண்டும். அதிர்ச்சியில் முதல் கிழமையில்தான் தளரும்.

நம்ம மேல் டிவிஷன் பிரட்டுக்களத்துச் சுவரில் சோக்கால் கோடு போட்டிருக்கிறேன். 25 அடியில் ஒரு வெள்ளைக்கல் நட்டிருக்கிறது. பைக்கின் உயரத்துக்கு ஏற்றபடி கோட்டை அழித்து மாற்றிக்கொள்ளலாம், சோக்குக் கட்டி ஜன்னல் படியில் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின இரண்டு நாளும் பின்னேரம் 6.30க்குப் பிறகு நான் அங்கே நிற்பேன். 10ஆம், 12ஆம், 14ஆம் ஸ்பெனர் என்னிடம் உண்டு. மீற்றர் வைத்திருக்கிற தம்பிமார் யாராவது கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.